மேலும் பதினொரு வரிகள்

ஒரு பொருள் இருக்கிறது என்று ஒருத்தன் அடித்துச் சொல்லி, அதே பொருள் இல்லவே இல்லை என்று இன்னொருத்தன் அடித்துச் சொன்னால், வெளியே அதற்கு வழக்கு என்று பெயர். லிஃப்ட் வாரியத்தில் அதற்குச் செவ்வாய்க்கிழமை என்று பெயர்.

நகரத்தில் நாலு மாடிக்கு மேல் எழும்பிய எல்லாக் கட்டடங்களின் லிஃப்ட்டும் இந்த வாரியத்தின் சொல்படிதான் ஏறும், இறங்கும். எந்த மாடியில் கதவு எத்தனை நொடி திறந்திருக்க வேண்டும், எந்தப் பொத்தான் எரிய வேண்டும் என்பதையெல்லாம் புரோகிராமாக எழுதித் தலைமையகத்துக் கம்ப்யூட்டரில் வைத்திருக்கிறார்கள். தலைமையகம் பதினான்கு மாடி. கீழ் ஏழு மாடியில் வேலை நடக்கும். மேல் ஏழு மாடியில் அந்த வேலை ஒழுங்குபடுத்தப்படும்.

பொத்தான்காரர் ஏழாம் மாடி. பொத்தான் பிரிவில் இருபத்தேழு வருடம் குப்பை கொட்டியவர். அவர் மனைவி அதே மாடியில் எதிர்ச்சாரி, கதவுப் பிரிவு. அவளுக்குக் கதவம்மா என்று பெயர். "இவர் அமுக்கினாத்தான் அந்தம்மா திறக்கும்" என்று கல்யாணமான புதிதில் ஆபீஸே சிரித்தது. சிரித்துச் சிரித்துச் சலித்துப்போய், கிண்டல் கழன்று பெயர் மட்டும் நின்றுவிட்டது.

ஏழு மாதத்துக்கு முன் கதவம்மா ஒரு வியாழக்கிழமை வேலைக்கு வந்தாள். வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். பதினாறாம் நாள் இறந்துபோனாள். வாரியம் அவளுக்காக ஒரு நிமிடம் மௌனம் காத்தது. சரியாகச் சொன்னால் நாற்பது நொடி. அதற்குள் தலைவருக்கு லிஃப்ட் வந்துவிட்டது.

பொத்தான்காரர் நான்காம் வாரம் வேலைக்குத் திரும்பினார். காலையில் வருவார், பொத்தான்களைப் பார்ப்பார், சாயங்காலம் போவார். பத்து வருடத்துக்கு முன் ஸ்கூட்டரோடு விழுந்ததில் அவருடைய இடது முழங்கால் மடங்குவதை விட்டுவிட்டது. ரொம்ப நேரம் நிற்க முடியாது. இரண்டாம் நம்பர் லிஃப்ட் வருவதற்கு நாலு நிமிடமாவது ஆகும். அதனால் பொத்தானை அமுக்கிவிட்டு எதிர்ச்சுவரோரம் கிடக்கும் நாற்காலியில் போய் உட்காருவார். அது கதவுப் பிரிவு நாற்காலி. முதுகில் கதவுப் பிரிவின் சொத்து எண் இருக்கும். அவருக்குக் கால் போன வாரத்தில் கதவம்மா அதைத் தள்ளிக்கொண்டு வந்து அங்கே போட்டாள். லிஃப்ட் வந்து கதவு திறந்ததும் அவர் எழுந்து, காலை இழுத்து இழுத்து நடந்துபோய் ஏறிக்கொள்வார். பத்து வருடத்தில் ஒருநாள்கூடத் தவறவிட்டதில்லை. "நம்ம லிஃப்ட்டுக்கு மரியாதை தெரியும்" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை இரண்டாம் லிஃப்ட்டில் ஏழாம் பொத்தான் எரியவில்லை என்று புகார் வந்தது. பொத்தான்காரர் புரோகிராமைப் பார்க்க உட்கார்ந்தார்.

பார்க்க ஒரு கருவி, திருத்த ஒரு கருவி. பார்க்கிறதைக் கோட் பிரவுசர் என்றும், திருத்துகிறதை எடிட்டர் என்றும் கீழ் மாடிகளில் சொல்வார்கள். மேல் மாடிகளில் மூலநிரல் நோக்கி, புறநிலைத் திருத்தி. பெயர்சூட்டுக் குழு ஒன்றரை வருடம் உட்கார்ந்து சூட்டிய பெயர்கள். பிரவுசரில் எந்தப் பிரிவின் ஃபைலையும் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆனால் முழுசாகப் பார்க்க முடியாது. புரோகிராமின் நடுநடுவே எழுதுகிறவர்கள் மனுஷ பாஷையில் குறிப்பு எழுதிவைப்பார்கள் இல்லையா, கம்ப்யூட்டர் அதைப் படிக்காது, அடுத்து வந்து உட்காரப்போகிற ஆளுக்காக எழுதுவது. அந்தக் குறிப்பில் முதல் வரியை மட்டும்தான் பிரவுசர் காட்டும். மிச்சம் வேண்டுமென்றால் பக்கத்திலிருக்கும் பென்சில் படத்தை அமுக்க வேண்டும். பிரவுசர் அந்த ஃபைலின் விலாசத்தை எடிட்டர் கையில் கொடுக்கும். எடிட்டர் விலாசம் தேடிப்போய்த் திறக்கும்.

ஏழாம் பொத்தானைத் தேடிப்போனவர் ஏழாம் மாடிக் கதவின் ஃபைலில் போய் நின்றார். கடைசியாகத் திருத்தியவர் என்ற இடத்தில் அவர் மனைவியின் பெயர். தேதி, அந்த வியாழக்கிழமை. நேரம், மாலை ஐந்து இருபது. ஐந்தரைக்கு இரண்டு பேரும் சேர்ந்து வீட்டுக்குக் கிளம்பியது அவருக்கு நினைவிருந்தது. கீழே குறிப்பின் முதல் வரி:

"இரண்டாம் லிஃப்ட், ஏழாம் மாடி: 9 நொடி. இதைக் குறைக்க வேண்டாம். காரணம்:"

அதற்கடியில் பிரவுசர் தன் சாம்பல் எழுத்தில் சொன்னது: மேலும் பதினொரு வரிகள் உள்ளன.

பொத்தான்காரர் பென்சிலை அமுக்கினார். எடிட்டர் திறந்தது. சுத்தமான வெள்ளைத் திரை, நடுவில் ஒரு வாக்கியம்: "இப்படியொரு கோப்பு இல்லை."

மறுபடி அமுக்கினார். இல்லை. பிரவுசருக்குத் திரும்பினார். இருக்கிறது. பதினொரு வரிகள். எடிட்டர். இல்லை. மதியச் சாப்பாட்டு நேரம் வரைக்கும் அந்த மனுஷர் இருக்கிறதுக்கும் இல்லைக்கும் நடுவில் நடையாய் நடந்தார்.

உதவி மையத்துக்குப் போன் போட்டார்.

"ஃபைல் எங்க சார் தெரியுது?"

"பிரவுசர்ல தெரியுது."

"தெரியுதுல்ல? அப்ப பிரச்சினை இல்லையே சார்."

"எடிட்டர்ல இல்லைன்னு வருதுப்பா."

"இல்லாத ஃபைலுக்கு நாங்க என்ன சார் பண்ண முடியும்?" போன் வைக்கப்பட்டது. மூன்றாம் நிமிடம் மெயில் வந்தது. புகார் தீர்க்கப்பட்டது, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று.

சிக்கலைப் பார்த்ததும் கண்டுபிடித்துவிட்டவள் ஸ்வெட்டரம்மா. கதவம்மாவின் பக்கத்து இருக்கை. ஏசி ஆகாது என்று கோடையிலும் ஸ்வெட்டரோடு உட்கார்ந்திருப்பாள். அவள் குனிந்து திரையைப் பார்த்தாள். அவள் அக்கா என்று கூப்பிடும் கதவம்மாவின் பெயரைப் பார்த்தாள். பிறகு விலாச வரியில் விரலை வைத்தாள்.

"இங்க பாருங்கண்ணா. விலாசம் டபிள்யூன்னு ஆரம்பிக்குது."

"ஆமா."

"ஃபைல் இருக்கறது பொதுக் கிடங்குல. கிடங்கு எல்லாருக்கும் ஒண்ணுதான். ஆனா ஒவ்வொருத்தர் மெஷின்லயும் அதுக்கு ஒரு எழுத்து வச்சிருக்காங்க. உங்களுக்கு கே, எனக்கு ஆர். அக்கா மெஷின்ல டபிள்யூ. பிரவுசருக்குப் பட்டியல் எடுத்தது அக்கா மெஷின்ல இருந்து. அதனால அது அக்கா விலாசத்தையே சொல்லிட்டிருக்கு. எடிட்டர் பாவம், உங்க மெஷின்ல டபிள்யூவத் தேடுது. அது எங்க இருக்கு?"

"அப்ப ஃபைல் இருக்கு."

"கல்லு மாதிரி இருக்குண்ணா. ஒரே வீடு. வாசல் எழுத்துதான் வேற."

"கேன்னு மாத்தி நானே அடிச்சுத் திறந்தா?"

அடித்தார்கள். எடிட்டர் சொன்னது: "நீங்கள் நோக்கி வழியாக வரவில்லை. வந்த வழியே திரும்பவும்." இது பாதுகாப்பு ஏற்பாடு. யாரும் தாமாக வழி கண்டுபிடித்து எங்கேயும் போய்விடக் கூடாது என்பதில் வாரியம் கண்ணும் கருத்துமாக இருந்தது. கதவம்மாவின் மெஷினிலேயே திறக்கலாம் என்றால், முந்தின வாரம்தான் சொத்துப் பிரிவு அதை அள்ளிக்கொண்டு போயிருந்தது. மேஜையில் அது இருந்த இடம் மட்டும் தூசியில்லாமல் சதுரமாகத் தெரிந்தது.

"அமைப்பு ஃபைல்ல ஒரு வரி எழுதினாப் போதும்ணா" என்றாள் ஸ்வெட்டரம்மா. "டபிள்யூன்னு வந்தா கேன்னு எடுத்துக்கோன்னு. ஒரே வரி."

"எழுதேன்."

"அதைப் பூட்டி வச்சிருக்காங்க. சாவி பன்னிரண்டாம் மாடியில. பாதை ஒழுங்குக் குழு." அந்தப் பெயரைச் சொல்லும்போது அவள் ஸ்வெட்டரின் மேல்பொத்தானையும் போட்டுக்கொண்டாள்.

அன்றிரவு சாப்பிடும்போது மகளிடம் சொன்னார். அவளுக்கும் இருபத்து நாலு வயதாகிறது, வேலைக்குப் போகிறாள், அப்பாவுக்காகச் சீக்கிரம் வந்து சமைக்கிறாள்.

"அப்பா, நான் சொன்னாக் கோவிச்சுக்காதீங்க. அது ஆபீஸ் ஃபைல். அதுல நமக்குன்னு அம்மா என்ன எழுதியிருக்கப் போறாங்க? மோட்டார், பெல்ட்டுன்னு ஏதாவது இருக்கும்."

"இருக்கட்டுமே."

"அதுக்கா இவ்வளவு அலைச்சல்?"

"பெல்ட்டு தேஞ்சுபோச்சுன்னு எழுதியிருந்தாலும் பரவாயில்லம்மா" என்றார். "அவ எழுதினது. நான் இன்னும் படிக்காதது. அப்படி இனிமே வேற எதுவும் கிடையாது."

மகள் அவர் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

பன்னிரண்டாம் மாடியில் தரை பளபளத்தது, நடமாட்டம் கிடையாது. சுவர் நிறைய அம்புக்குறிகள். ஓர் அம்பைப் பிடித்துக்கொண்டு போனால் இன்னோர் அம்புக்குப் போய்ச் சேரலாம். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் படிவ அதிகாரி இருந்தார். மென்மையான மனிதர். யாரையும் கடிந்து பேசியறியாதவர். அவரால் பாழானவர்கள்கூட அவரைப் பற்றி நல்லவிதமாகத்தான் சொல்வார்கள்.

"பாதை முரண்பாட்டு விண்ணப்பம் ஒண்ணு தர்றேன் சார். கூட ரெண்டு சான்றிதழ் வைங்க. ஃபைல் இருக்குன்னு நோக்கிப் பிரிவுல ஒண்ணு. ஃபைல் இல்லைன்னு திருத்திப் பிரிவுல ஒண்ணு."

நோக்கிப் பிரிவு ஒன்பதாம் மாடி. மேற்படி கோப்பு எக்காலத்தும் உள்ளது என்று அன்றைக்கே எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார்கள். திருத்திப் பிரிவு பத்தாம் மாடி. மேற்படி கோப்பு எக்காலத்தும் இல்லை என்று அங்கேயும் கொடுத்தார்கள். இரண்டு பிரிவுக்கும் நடுவில் ஒரு மாடிப்படிதான். இருபது வருடத்தில் ஒரு பிரிவுக்காரர் அதில் ஏறியதுமில்லை, இன்னொரு பிரிவுக்காரர் இறங்கியதுமில்லை. பொத்தான்காரர் ஒற்றைக் காலை ஒவ்வொரு படியாகத் தூக்கிவைத்து ஏறினார், இறங்கினார்.

படிவ அதிகாரி இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து உச்சுக் கொட்டினார். "சார், ஒண்ணுக்கொண்ணு முரணா இருக்கே. முரண்பட்ட ஆவணம் இருந்தா விண்ணப்பத்த வாங்கக் கூடாதுன்னு விதி."

"விண்ணப்பமே முரண்பாட்டுக்குத்தானே சார்!"

"அது தலைப்பு சார். உள்ள முரண்பாடு இருக்கக் கூடாது." பெரிய மனது பண்ணி ஒரு சான்றிதழை மேலேயும் இன்னொன்றைக் கீழேயும் வைத்து, நடுவில் ஒரு வெள்ளைத்தாளைச் செருகினார். "இப்ப ஒண்ணையொண்ணு பாக்காது. சரி, பாதையோட உரிமையாளர் யாரு? நீங்களா?"

"என் மனைவி."

"அப்ப அவங்க நேர்ல வந்து கையெழுத்துப் போடணுமே."

"இறந்துட்டாங்க."

"த்சொ" என்றார் அதிகாரி. உண்மையான வருத்தம்தான். "அதுக்கும் வழி இருக்கு சார். இதோ, பதினாலாவது கட்டம். உரிமையாளர் வர இயலாமைக்குக் காரணம். மூணு தேர்வு குடுத்திருக்காங்க. விடுப்பு, மாற்றல், ஆர்வமின்மை."

பொத்தான்காரர் மூன்றையும் ரொம்ப நேரம் பார்த்தார். "இதுல எதுவுமே இல்லையே சார்."

"எதையாவது ஒண்ணத் தொட்டாத்தான் சார் அடுத்த கட்டம் திறக்கும். எல்லாரும் விடுப்புதான் போடுவாங்க. கௌரவமா இருக்கும்."

விடுப்பைத் தொட்டார். அடுத்த கட்டம் திறந்தது. பணிக்குத் திரும்பும் நாள்.

"வெறுமையா விட முடியாதா?"

"விட்டா மறுபடி முதல் பக்கத்துக்குப் போயிடும் சார். சும்மா ஒரு தேதி போடுங்க. யாரு பாக்கப் போறா?"

கதவம்மா எப்போது விடுப்பு எடுத்தாலும் திங்கட்கிழமைதான் திரும்புவாள். வார நடுவில் வந்தால் மேஜையில் குவிந்து கிடப்பதைப் பார்க்க மனசு வராது என்பாள். பொத்தான்காரர் காலண்டரைப் புரட்டி, ஐந்து வாரம் தள்ளி ஒரு திங்கட்கிழமையைத் தேர்ந்தெடுத்து எழுதினார். எழுதிவிட்டு அந்தத் தேதியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மனுஷ மனசு கேடுகெட்டது. ஒரு கணம், ஒரே ஒரு கணம், இன்னும் எத்தனை நாள் என்று எண்ணிவிட்டது.

படிவத்தின் பின்பக்கத்தில் எறும்பு ஊர்ந்த மாதிரிப் பொடி எழுத்தில் நாற்பது விதிகள் இருந்தன. அவர் படிக்கவில்லை. அச்சடித்தவர்களும் படித்ததில்லை.

இருபதாம் நாள் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். நீள மேஜை. ஒருபக்கம் குழு, எதிர்ப்பக்கம் பொத்தான்காரர் தனியாக. தலைவர் கால்மணி நேரம் தாமதமாக வந்தார். வரும்போதே கொதித்துக்கொண்டு வந்தார்.

"அந்த ரெண்டாம் நம்பர் லிஃப்ட்ட என்ன பண்றதுன்னே தெரியல. ஏழாம் மாடி வந்தா வாயப் பொளந்துட்டு அப்படியே நிக்குது. யாரும் ஏறல, யாரும் இறங்கல. யாருக்காக நிக்குது? வாரியத்து லிஃப்ட்டு எல்லாம் நாலு நொடி. இது மட்டும் என்ன பெரிய மகாராணியா?"

குழு உச்சுக் கொட்டியது. பிறகு தலைவர் தண்ணீர் குடித்து, சால்வை இல்லாத தோளில் சால்வையைச் சரிசெய்து, பேசினார்.

"விண்ணப்பதாரர் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். நோக்கி தவறு செய்யாது. ஏனென்றால் அதை வாங்கியது நான். திருத்தியும் தவறு செய்யாது. ஏனென்றால் அதை வாங்கியது எனக்கு முன்னால் இருந்தவர், அவர் இப்போது எனக்கு மேலே இருக்கிறார். ஆக, இரண்டும் சரி. அப்படியானால் தவறு எங்கே? இரண்டுக்கும் நடுவில். நடுவில் யார் இருக்கிறார்? விண்ணப்பதாரர் இருக்கிறார்."

குழு மேஜையைத் தட்டியது.

"இந்த வாரியத்தில் இருபது வருடமாக ஒரு கோப்புகூடத் தொலைந்ததில்லை. கிடைக்காமல் போயிருக்கலாம், அது வேறு விஷயம். நாங்கள் எதையும் அழிப்பதில்லை. பாதையை மட்டும்தான் ஒழுங்குபடுத்துகிறோம். ஒழுங்கான பாதையில் யாரும் எங்கேயும் போய்ச்சேராவிட்டால் அது பாதையின் குற்றமில்லை."

"சார்" என்றார் பொத்தான்காரர். எழுந்து நிற்க முயன்று, முழங்கால் ஒத்துழைக்காமல் மேஜையைப் பிடித்துக்கொண்டார். "ஒரே ஒரு வரி சார். டபிள்யூன்னா கேன்னு எடுத்துக்கன்னு. எனக்கு அதைத் திருத்தக்கூட வேணாம். ஒரு தடவ திறந்து படிச்சிட்டு மூடிடறேன்."

"இன்னிக்கு ஒரு வரி கேப்பீங்க. நாளைக்கு ஒரு பக்கம் கேப்பீங்க. அப்புறம் ஆளாளுக்கு அவங்கவங்க வழியில போய் அவங்கவங்களுக்கு வேண்டியத எடுத்துக்குவாங்க. நாங்க எதுக்கு இருக்கோம்?"

கேள்வி கேட்டவர் பதிலை எதிர்பார்க்கவில்லை. பொத்தான்காரர் எதிர்பார்த்த மாதிரி ஒரு நொடி அவர் முகத்தைப் பார்த்தார். அறையில் அது சற்று அசௌகரியமாக இருந்தது.

"அந்தம்மா என்னதான் எழுதியிருக்காங்க?" என்று குழுவில் ஒரு பெண் உறுப்பினர் மெதுவாகக் கேட்டார்.

"தெரியாதுங்க. ஏதோ ஒரு காரணம். பதினொரு வரி."

"காரணம் பதினொரு வரியா!" என்றார் தலைவர். "காரணம் ஒரு வரியில் இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் அது சாக்கு." இருந்தாலும் அன்றைக்கு நல்ல மனநிலையில்தான் தீர்ப்புச் சொன்னார். உரிமையாளர் விடுப்பிலிருந்து திரும்பும் திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு, டபிள்யூ எழுத்து கே எழுத்தாகக் கொள்ளப்படும். அந்த வரி எழுதப்படும்.

பொத்தான்காரர் கைகூப்பினார். கண் கலங்கியது. ஸ்வெட்டரம்மா, "கிணத்துல போட்ட கல்லுன்னு நெனச்சேண்ணா. பரவாயில்லையே, அசஞ்சிருச்சே" என்று தன் சாப்பாட்டிலிருந்து பாதியை அவருக்கு வைத்தாள்.

திங்கட்கிழமை வந்தது. மகளிடம் இஸ்திரி போடச் சொல்லி, கதவம்மா எடுத்துக் கொடுத்த நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு எட்டே முக்காலுக்கே இருக்கையில் உட்கார்ந்தார். மூக்குக்கண்ணாடியை இரண்டு தடவை துடைத்தார். ஒன்பது அடித்ததும் அவசரப்படவில்லை. ஒரு வாய் தண்ணீர் குடித்தார். ஐந்து நிமிடம் கழித்துப் பென்சிலை அமுக்கினார்.

எடிட்டர் திறந்தது. இல்லை என்று சொல்லவில்லை. ஃபைல் வந்தது. அவள் எழுதிய புரோகிராம், அவள் பழக்கப்படி இரண்டிரண்டு இடம் விட்டு, வரிசை பிசகாமல். கதவு திறக்கும் இடம், கதவு மூடும் இடம். அவர் விரலால் திரையைத் தொட்டுக்கொண்டே கீழே இறங்கினார். ஏழாம் மாடி வந்தது.

"உரிமையாளர் குறித்த நாளில் பணிக்குத் திரும்பாததால், படிவ விதி 31இன்படி இக்கோப்பின் குறிப்புகள் நீக்கப்பட்டு நெறிப்படுத்தப்பட்டன. காரணம் காணப்படாத எண்கள் பொது அளவுக்கு மாற்றப்பட்டன. இவண், பாதை ஒழுங்குக் குழு."

நேரம், காலை ஒன்பது மணி ஒரு நிமிடம். அதற்கடியில் 9 இருந்த இடத்தில் 4 இருந்தது.

ஒரு நிமிடம்தான் பொறுத்திருக்கிறார்கள். இறந்தவள் வருகிறாளா என்று ஒரு நிமிடம் பார்த்துவிட்டு அழித்திருக்கிறார்கள். வாரியத்தின் சரித்திரத்தில் இத்தனை சுறுசுறுப்பாக வேறெந்தக் காரியமும் நடந்ததில்லை.

பன்னிரண்டாம் மாடிக்குப் போன் போட்டார்.

"சார், பழைய பிரதி ஒண்ணு எங்கயாவது..."

"பிரதி வச்சா ரெண்டு ஃபைல் ஆயிடுமே சார்" என்றார் படிவ அதிகாரி இதமாக. "திரும்பவும் முரண்பாடு வந்துடும். இப்ப நோக்கில என்ன தெரியுதோ அதுதான் திருத்திலயும் தெரியும். சுத்தமா முடிஞ்சிடுச்சு. வாழ்த்துகள் சார்." கொஞ்சம் நிறுத்தி, "மேடம் வரலையா?" என்றார். பிறகு அவருக்கே ஏதோ உறைத்திருக்க வேண்டும். போனை வைத்துவிட்டார்.

பொத்தான்காரர் அன்று முழுக்க வேலை பார்த்தார். ஏழாம் பொத்தானைச் சரிசெய்தார். ஒரு வயர் கழன்றிருந்தது, அவ்வளவுதான். ஸ்வெட்டரம்மா இரண்டு தடவை வந்து பக்கத்தில் நின்றுவிட்டுப் போனாள். மகள் போன் செய்தாள்.

"அப்பா, திறந்ததா?"

"திறந்ததும்மா."

"என்னப்பா எழுதியிருந்தாங்க?"

"வீட்டுக்கு வந்து சொல்றேன்" என்றார்.

ஐந்தரைக்குப் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். இரண்டாம் லிஃப்ட்டின் பொத்தானை அமுக்கினார். பளிச்சென்று எரிந்தது. எதிர்ச்சுவர் நாற்காலியில் போய், இடது காலை நீட்டி வைத்து உட்கார்ந்தார். நாலு நிமிடம் கழித்து லிஃப்ட் வந்தது. கதவு திறந்தது. உள்ளே தலைவர் நின்றிருந்தார், மேலிருந்து இறங்கி வருகிறார் போலிருக்கிறது.

பொத்தான்காரர் நாற்காலிக் கையை ஊன்றி எழுந்தார். ஒரு அடி வைத்தார். இன்னொரு அடி வைப்பதற்குள் கதவு நகர்ந்தது. பத்து வருடத்தில் அது அப்படி நகர்ந்து அவர் பார்த்ததில்லை. என்ன நடக்கிறது என்று புரியாமல் நடுவழியில் நின்றார். கதவு சேர்கிற இடுக்கில் தலைவரின் குரல் கேட்டது, மனசார மகிழ்ந்த குரல்.

"இப்பதான் லிஃப்ட்டு மாதிரி இருக்கு."

மூடியது.

பொத்தான்காரர் சுற்றுமுற்றும் பார்த்தார். நாற்காலியைப் பார்த்தார். அதன் முதுகிலிருந்த எண்ணைப் பார்த்தார். நாற்காலிக்கும் கதவுக்கும் நடுவிலுள்ள தரையைப் பார்த்தார். பத்து வருடமாக அவர் காலை இழுத்து நடந்ததில் அங்கே மொசைக்கில் ஒரு மங்கல் கோடு விழுந்திருந்தது. வேறு யாருக்கும் அது கண்ணில் படாது. எதிர்ச்சாரியில், கதவுப் பிரிவின் கண்ணாடிக்குப் பின்னால், சன்னலோர மேஜையில் உட்கார்ந்திருக்கிற ஒருத்திக்குப் படலாம். அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்திருந்தால் அவர் நடையை நொடி நொடியாக அளந்துமிருக்கலாம்.

அந்த மேஜையைப் பார்த்தார். தூசியில்லாத சதுரத்தில் இப்போது தூசி படிய ஆரம்பித்திருந்தது.

பொத்தானை அமுக்கினார். திரும்ப வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். காத்திருந்தார். ஸ்வெட்டரம்மா பையை மாட்டிக்கொண்டு வந்தாள். "வாங்கண்ணா, நான் கதவப் பிடிச்சுக்கறேன், சேர்ந்தே போயிடலாம்."

"நீ பிடிக்காதம்மா" என்றார். "நீ போ. எனக்கு ஒண்ணு பாக்கணும்."

கதவு திறந்தது. அவள் தயங்கித் தயங்கி ஏறும்போதே அவர் கையை ஊன்றி எழுந்தார். எழும்போதே வாய்க்குள் எண்ண ஆரம்பித்தார். ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு என்னும்போது ஸ்வெட்டரம்மாவின் முகத்தின் மேல் கதவு சேர்ந்தது. அவர் நிற்கவில்லை. அந்தக் கோட்டின் மேலேயே காலை இழுத்து, என்றைக்கும் நடக்கிற வேகத்தில், கூட்டாமல் குறைக்காமல் நடந்தார். ஐந்து. ஆறு. ஏழு. எட்டு.

மூடிய கதவில் கை வைத்தபோது ஒன்பது.